கரகரப்பு

தெருவில் அவருக்கு 'ரம்பம்' என்று பெயர். அந்தப் பெயரில் ஒரு வசதி இருந்தது. அவர் காதுபட யாராவது சொல்லிவிட்டாலும், வீடு நிறைய மரம் அறுக்கிற ரம்பம் வைத்திருக்கிறீர்களே, அதற்காகச் சொன்னோம் என்று சமாளித்துக்கொள்ளலாம். உண்மையான காரணம் வேறு. அவர் வாயைத் திறந்தால் எதிரே நிற்கிறவரை அறுத்துத் தள்ளிவிடுவார். தபால் கொடுக்க வந்த ஆளை வாசலிலேயே நிறுத்தி, ரம்பத்தின் கார்புரேட்டருக்குள் இருக்கிற சவ்வு எப்படிக் காய்ந்து விறைத்துப்போகிறது என்று விளக்குவார். அந்த ஆள் இப்போதெல்லாம் வாசல் கேட்டிலேயே தபாலைச் செருகிவிட்டு ஓடுகிறார்.

அவருக்கு வேலை தண்ணீர் வாரியத்தில். ரோட்டுக்கு அடியில் குழாய் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கிற வேலை. ஒரு நீளமான இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, மேல் முனையைக் காதோடு ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து நிற்பார். பிறகு செருப்பால் ஓர் இடத்தில் கோடு போட்டு, "இங்க தோண்டு" என்பார். தோண்டினால் தண்ணீர் இருக்கும். ஒரு தடவைகூடத் தவறியதில்லை என்று சொல்லிக்கொள்வார். சில தடவை தவறியிருக்கிறது, அதைச் சொல்லமாட்டார். வாரியத்துக்குக் கசிவு பார்க்கும் இயந்திரம் வந்ததும், அவரைப் பண்டகசாலையில் உட்கார வைத்துவிட்டார்கள். அங்கே குழாயும் வளைவும் எடுத்துக் கொடுக்கிற வேலைக்குக் கண் போதும், காது தேவையில்லை.

அந்த வருஷம் அடித்த புயலில் பின்வீட்டு மரம் சாய்ந்து இவர் வீட்டுச் சமையலறைக் கூரைமேல் விழுந்தது. ஊரெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் வெட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. பழைய இரும்புக் கடையில் ஒரு சங்கிலி ரம்பம் துருப்பிடித்துக் கிடந்தது. அதைத் தூக்கிவந்து, பிரித்து, பெட்ரோலில் கழுவி, மறுபடி மாட்டி, கயிற்றை இழு இழு என்று இழுத்தார். கை ஓய்ந்துபோன நேரத்தில் அது ஒரு இருமல் இருமியது. இன்னொரு இழுப்புக்கு உயிர் வந்துவிட்டது. மரத்தை அறுத்து முடித்தபோது உடம்பெல்லாம் மரத்தூளாக நின்று சிரித்தார். மனைவியும் சமையலறை வாசலில் நின்று சிரித்தாள். இந்தக் கதையில் இருவரும் சேர்ந்து சிரித்தது அது ஒன்றுதான்.

கூரை சரியாகிவிட்டது, ரம்பத்துக்கும் வேலை முடிந்துவிட்டது. ஆனால் அவருக்கு அந்த இருமலை இன்னொரு தடவை கேட்கவேண்டும் போலிருந்தது. இரும்புக் கடைக்காரரிடம், இதுமாதிரி எது வந்தாலும் எடுத்து வையுங்கள் என்று சொல்லிவைத்தார். இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது. மரம் வெட்டுகிற ஒருவர் பழக்கமானார். அவர் தன்னிடம் செத்துப்போன ரம்பங்களைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, ஓடுகிற ஒன்றை எடுத்துக்கொண்டு போவார். எதைக் கொண்டுவந்தாலும், "சரி பண்ணிடலாம்" என்பார் இவர். சரி பண்ணியும் விடுவார்.

பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றினால்தான் ரம்பம் ஓடும். ஆயிலுக்கென்று தனி வழி கிடையாது. கார்புரேட்டரில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதை முடுக்கினால் பெட்ரோல் குறையும், கூடவே ஆயிலும் குறையும். முழு வேகத்தில் ஓடும்போது சத்தத்தில் லேசாக ஒரு கரகரப்பு இருக்கவேண்டும். அது இருந்தால் உள்ளே ஆயில் போகிறது என்று அர்த்தம். கரகரப்பு போய் வழவழவென்று பாட ஆரம்பித்தால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பிஸ்டன் வெந்துகொண்டிருக்கும். அதனால் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, கரகரப்பு போகப்போகிற இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தவேண்டும். இதற்குக் கருவி உண்டு. அவர் வாங்கவில்லை. மண்ணுக்கு அடியில் ஒழுகுகிற தண்ணீரைக் கேட்ட காதுக்குக் கருவி எதற்கு?

ஒரு பிறந்தநாளுக்கு மனைவி அவருக்குக் காது மூடி வாங்கிக் கொடுத்தாள், தலைக்குமேல் வளைத்து மாட்டிக்கொள்கிற ரகம். "காதை மூடிக்கிட்டு எப்படி ட்யூன் பண்றது? கண்ணை மூடிக்கிட்டு ஊசி கோக்கச் சொல்ற மாதிரி இருக்கு" என்று சிரித்துவிட்டு, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் ஆணியில் தொங்கவிட்டார். இத்தனைக்கும் அறுக்கும்போது கையுறை போடுவார், கண்ணாடி போடுவார். காதை மட்டும், ரம்பத்தின்மேல் இருந்த பிரியத்தினாலேயே, திறந்து வைத்திருந்தார்.

கார் ஷெட் நிறைந்ததும் கார் தெருவுக்குப் போனது. பிறகு கல்யாணமாகிப் போன மகளின் அறைக்குள் ரம்பங்கள் குடியேறின. அவள் படித்த மேஜையின்மேல் சிலிண்டர்களும், துணி அலமாரியில் சங்கிலிகளும் வந்தன. வீடு பூராவும் பெட்ரோல் வாடை. முப்பதைத் தாண்டியபிறகு அவரே எண்ணுவதை விட்டுவிட்டார்.

"படுக்கிற கட்டில்ல ஒரு நாள் இதையும் படுக்க வைக்கப் போறீங்க" என்றாள் மனைவி.

"அதுக்கு இன்னும் நாள் இருக்கு" என்றார்.

அவள் நூலகத்தில் வேலை பார்த்தாள். காலமெல்லாம் அங்கே தணிந்து பேசிப் பேசி, வீட்டிலும் கிசுகிசுவென்றுதான் பேசுவாள். மெல்லிய குரல். ஆனால் நிறையப் பேசுவாள். சாயங்காலம் சமையலறையில் நின்றபடி, யார் எந்தப் புத்தகத்துக்குள் மீன் முள்ளை அடையாளமாக வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள், எந்தக் கிழவர் நாற்காலியில் தூங்கி விழுந்தார் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். ஷெட்டுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு ஜன்னல்தான். முதலில் அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு 'ம்' கொட்டினார். பிறகு எல்லாவற்றுக்கும் "சரி" என்றார். ரம்பத்துக்குச் சொன்ன சரியில் வேலை இருந்தது. மனைவிக்குச் சொன்ன சரியில் ஒன்றுமில்லை.

கடந்த ஒரு வருஷமாக அவள் அதிகம் பேசுவதில்லை என்பதை அவர் கவனித்தார். வயசாகிறது, பழகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். "இப்பல்லாம் வீடு அமைதியா இருக்கு" என்று மரம் வெட்டுகிறவரிடம் பெருமையாகச் சொன்னார்.

அந்த மரம் வெட்டுகிறவர்தான் ஒரு நாள் ரம்பத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். மரத்தின்மேல் உட்கார்ந்து அறுத்துக்கொண்டிருக்கும்போது அப்படியே இறுகி நின்றுவிட்டதாம். பிரித்துப் பார்த்தால் பிஸ்டனின் பக்கம் முழுக்க நகத்தால் பிராண்டியதுபோல் கோடுகள். "ஆயில் சரியில்ல, கலப்படம்" என்றார் இவர். அடுத்தது வந்தது. "பெட்ரோல்ல தண்ணி" என்றார். மூன்றாவதைப் பிரித்து, பிஸ்டனை மற்ற இரண்டின் பக்கத்தில் வைத்தார். மூன்றிலும் அதே கோடுகள்.

மரம் வெட்டுகிறவர் தலையைச் சொறிந்தார். மரியாதை தெரிந்த மனிதர். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. நீங்க புதுசா ட்யூன் பண்ணி வெச்சது ஒண்ணு எடுங்க, ஓட்டிப் பாக்கலாம்" என்றார்.

ஷெட்டுக்கு வெளியே வைத்து ஓட்டினார்கள். முழு வேகம்.

"எப்படி இருக்கு?" என்று கையை ஆட்டிக் கேட்டார் மரம் வெட்டுகிறவர்.

"கரகரன்னு வருதுல்ல? கரெக்டா இருக்கு!" என்று கத்தினார் இவர்.

மரம் வெட்டுகிறவர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு குனிந்து, திருகைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, இப்போது கேளுங்கள் என்று சைகை காட்டினார். இவருக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. அவர் இன்னும் தளர்த்தினார். புகை அதிகமானது கண்ணுக்குத் தெரிந்தது. சத்தம் முன்பு கேட்டது மாதிரியேதான் கேட்டது. அந்த மனிதர் சட்டென்று ரம்பத்தை அணைத்தார்.

சங்கிலி நின்றது. புகை கலைந்தது. கரகரப்பு மட்டும் நிற்கவில்லை.

இவர் அணைந்த ரம்பத்தைத் தொட்டுப் பார்த்தார், அது அசையவில்லை. கரகரப்பு இவர் காதுக்குள்தான் இருந்தது. எத்தனை காலமாக இருக்கிறதோ தெரியாது. இத்தனை நாளும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான், ஆயில் போகிறது, இன்னும் முடுக்கலாம் என்று ஒவ்வொரு ரம்பத்தையும் முடுக்கிக் கொன்றிருக்கிறார். மரம் வெட்டுகிறவர் ஏதோ சொன்னார். உதடு அசைந்தது. இவர் "சரி" என்றார். அந்த மனிதர் போய்விட்டார்.

இவருக்கு அவமானமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இதை யாரிடமாவது சொல்லவேண்டும் என்றால் ஒருத்தியிடம்தான் சொல்லமுடியும். கையைக்கூடக் கழுவாமல் உள்ளே போனார்.

கட்டிலின்மேல் பெரிய பெட்டி திறந்து கிடந்தது. மனைவி புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார்.

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள், அதனால் புரிந்தது. "என்ன கேள்வி இது? அக்கா ஊருக்கு. அங்க இருக்கற நூலகத்துக்கு மாத்தல் கேட்டேன், கிடைச்சிடுச்சு. எல்லாம் உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே செஞ்சேன்?"

"எப்ப சொன்ன?"

"மாத்தல் கேக்கட்டுமான்னு கேட்டேன். சரின்னீங்க. நான் போயிட்டா உங்களுக்குப் பரவாயில்லையான்னு கேட்டேன். அதுக்கும் சரின்னீங்க. கையில ஸ்க்ரூ டிரைவர், முகத்தைக்கூடத் திருப்பல. ஒரு வருஷமா இந்த வீட்டுல நான் சுவத்துக்கிட்டதான் பேசிக்கிட்டிருக்கேன். என்னைக்காவது காது கொடுத்துக் கேட்டீங்களா?"

இப்போது சொல்லிவிடவேண்டியதுதான். மூன்றே வார்த்தை. ஆனால் ஊரில் அவருக்கு இருந்த ஒரே கௌரவம் அந்தக் காது. கல்யாணமான புதிதில் அவளை ரோட்டுக்கு அழைத்துப்போய், கம்பியை அவள் காதில் வைத்து, தண்ணீர் ஓடுவதைக் கேட்கச் சொல்லியிருக்கிறார். அவளுக்கு ஒன்றும் கேட்காதபோது கேலி செய்திருக்கிறார். அவள் சற்று நேரம் காத்திருந்தாள். பிறகு அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டிப் பக்கம் திரும்பினாள்.

அவள் தோள் லேசாக ஏறி இறங்கியது. ஏதோ சொன்னாளா, பெருமூச்சு விட்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அவருடைய வாய் அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"சரி."

அவள் பெட்டியை மூடினாள்.

வாடகைக் கார் வந்தபோது பெட்டியை அவர்தான் தூக்கிவைத்தார். கைப்பிடியில் கிரீஸ் ஒட்டிக்கொண்டது. அவள் அதைத் துடைக்கவில்லை.

மகள் மறுநாள் போன் செய்தாள். அவளுக்கு அப்பாவின் கனத்த குரல், அதுவும் கோபத்தில் இருந்தாள். ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது.

"என்னப்பா நீ? கடைசி நேரத்துல அம்மா கேட்டாங்களாமே, 'ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் இருந்துடறேன். இல்லன்னா போகட்டுமா'ன்னு. அதுக்கும் சரின்னு சொன்னியாமே? அப்படி என்னப்பா கல்நெஞ்சு உனக்கு?"

அவர் போனைப் பிடித்தபடி மகளின் பழைய அறையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரம்பங்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் அவர் கையால் ட்யூன் செய்தவை. எதையும் நம்பி இனி ஓட்டமுடியாது.

"அம்மாவுக்குப் போன் போடறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மனைவியின் எண்ணை அழுத்தி, போனைக் காதோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார், அந்தக் காலத்தில் கம்பியைப் பிடித்த மாதிரியே. மணி அடிக்கிறதா என்று தெரியவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்து, திரையில் நொடிகள் ஓட ஆரம்பித்ததைப் பார்த்துத்தான், அவள் எடுத்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டார்.

"எனக்குக் காது கேக்கலம்மா" என்றார். "நீ சொன்னது எதுவும் கேக்கல. நேத்து நீ கேட்டதும் கேக்கல. போகாத. போகாதன்னுதான் சொல்லியிருப்பேன்."

பிறகு காத்திருந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கரகரப்புதான் கேட்டது. அதற்குப் பின்னால் அவள் பேசுகிறாளா, அழுகிறாளா, ஒன்றும் சொல்லாமல் இருக்கிறாளா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தார். நொடிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. 'சரி' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.