வலது கை கொடுத்தவள்

தெனிங் குயாத்தே பாட எழுந்தால் கித்தா ஊரில் எந்தக் கல்யாண வீடும் அடங்கிவிடும். குலப்பெருமை பாடும் ஜெலி வீட்டுப் பெண். யாருடைய ஏழு தலைமுறையையும் பெயர் பிசகாமல் கூப்பிட்டு முன்னால் நிறுத்துவாள். பாரிஸிலிருக்கும் ஒரே ஒரு ஆளை, தாலி கட்டும் வழக்கம் இல்லாவிட்டாலும் அவளைக் கட்டிப்போட்ட புருஷனை, அவளால் கூப்பிட்டு வரவழைக்க முடியவில்லை.

எல்லாம் ஒரு கையால் வந்த வினை. தூரம் போகிறவருக்கு எங்கள் பக்கம் இடது கைதான் கொடுப்போம். இடது கை மரியாதைக் குறைவு. அந்தக் குறையைச் சரிசெய்யவாவது போனவர் திரும்பி வந்தாக வேண்டும். புருஷன் ஃபோமோரி பாரிஸுக்குக் கிளம்பிய அன்று அவள் பாட்டின் நடுவில் இருந்தாள். தாளம் தட்டும் இரும்புக்குழல் இடது கையில். வண்டி ஹாரன் அடித்தது. தட்டுகிற கம்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வலது கையை நீட்டிவிட்டாள். அவனும் குலுக்கிவிட்டுப் போனான். ஒன்பது வருஷமாயிற்று.

"மங்களம் பாடியில்ல அனுப்பி வச்சே!" என்று மாமியார் இன்றும் குத்திக்காட்டுகிறாள். தெனிங்கும் அப்படித்தான் நம்பினாள்.

ஃபோமோரியின் சிநேகிதன் ஸான் குலிபாலி போன மாதம் பாரிஸ் கிளம்பினான். குலிபாலி குலத்தாருக்கும் அவள் குலத்துக்கும் கேலி முறை; காராமணி தின்னி என்று சீண்டிக்கொள்வது வழக்கம். அவன் இடது கையை நீட்டியதும் அவள் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

"ஏ காராமணி தின்னி, இது ஒனக்கு மட்டுமில்ல. அவரோட இடது கையைப் பிடிச்சு, தெனிங் குடுத்தான்னு சொல்லு."

"அப்ப கையை வெட்டிப் பார்சல்ல போடட்டுமா அண்ணி?"

"போய்ச் சேர்ற வரைக்கும் அந்தக் கையால காராமணி அள்ளாதே, போதும்."

பத்து நாள் கழித்து, அவள் கம்பு குத்திக்கொண்டிருந்தபோது ஸான் போன் செய்தான்.

"குடுத்தியா?"

"குடுத்தேன் அண்ணி."

"என்ன சொன்னாரு?"

ஸான் இருமினான்.

"நான் இடது கைய நீட்டினதும்... வலது கையில அடிபட்டிருச்சாடான்னு கேட்டாரு."

தெனிங் உலக்கையைச் சுவரில் சாய்த்தாள். ஒன்பது வருஷமாகத் தன் கையைத்தான் நொந்துகொண்டிருந்தாள். குற்றம் கையில் இல்லை என்று தெரிந்ததும் நெஞ்சு இன்னும் அதிகமாக வலித்தது.

"ஸான்," என்றாள். "ஒனக்கு நான் எந்தக் கை குடுத்தேன்?"

"இடது கை அண்ணி."

"நீயாவது மறந்துடாதே."