சாக வேண்டிய நாற்றுகள்

தேவகி மிஸ்ஸின் ஒரு வருஷ ஆராய்ச்சியைக் கெடுத்தவள் நான்தான். நோய் கெடுக்கவில்லை. மழையும் கெடுக்கவில்லை. என்னுடைய இந்த இரண்டு கைகள் கெடுத்தன.

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் இருந்தவரை அவரிடம்கூடச் சொல்லவில்லை. நீங்கள் எங்கேயோ உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்கள். உங்கள் முகம் எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல வாய் வருகிறது...

எனக்குப் பெரிய படிப்பு கிடையாது. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாவது வரைக்கும்தான். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் நாற்றங்கால் வேலையில் என்னை மிஞ்ச எங்கள் மலையில் ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரைக்கும் ஆள் இல்லை. இதை நான் அடக்கமாகச் சொல்லப்போவதில்லை. அந்தப் பெருமை இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

தேயிலைத் தோட்டத்து நாற்றங்காலில் இருபது வருஷம் வேலை செய்தேன். அங்கே யாரும் எழுதிவைக்காத ஒரு சட்டம் இருந்தது. பாத்தியில் இடைவெளி தெரியக் கூடாது. ஒரு கன்று செத்தால், வேலையை மேற்பார்க்கும் கங்காணி வருமுன் அதைப் பிடுங்கிப் பள்ளத்தில் வீசிவிட வேண்டும். ஓரத்தில் வைத்திருக்கும் மிச்சக் கன்றுகளில் அதே உயரத்தில் ஒன்றை எடுத்து அந்த இடத்தில் நட்டுவிட வேண்டும். நடாவிட்டால் கங்காணி அங்கே ஒரு குச்சியைக் குத்திவைத்துக் கத்துவார்.

"இது எவ பாத்தி? பொக்க வாயாட்டம் இருக்கு!"

அந்தச் சத்தம் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகள் வரைக்கும் கேட்கும். என் பாத்தியில் ஒரு நாளும் குச்சி நின்றதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் மகன் பாலன் கோலா தெர்லா பக்கம் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கம்பெனி ஆரம்பித்தான். பிளாஸ்டிக் போர்த்திய நான்கு கொட்டகைகள், ஒரு பலகை வீடு. அவ்வளவுதான் கம்பெனி. அங்கே தக்காளித் தோட்டங்களில் வாடல் நோய் அடித்துக்கொண்டிருந்தது. நேற்றுப் பச்சையாக நின்ற செடி இன்றைக்குத் தொங்கிவிடும். அந்த நோயைத் தாங்கும் நாற்றை வளர்த்து விற்கப்போவதாகப் பாலன் சொன்னான். அவன் அப்பாவே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பாலன் அசரவில்லை. என் வீட்டுக்கு வந்து, "அத்தே, நீங்க வந்தாத்தான் நான் முதல் விதையப் போடுவேன்" என்று நின்றான். தோட்டத்து வேலையை விட்டுவிட்டுப் போனேன்.

அடுத்த வருஷம் தேவகி மிஸ் வந்தார். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்.

அவரைக் கூட்டிவரப் பாலனிடம் ஏது வசதி? அதற்கு ஒரு திட்டம் இருந்தது. பெரிய படிப்புப் படித்தவர்களை இப்படிச் சின்னப் புதுக் கம்பெனிகளில் ஒரு வருஷம் உட்காரவைப்பார்கள். சம்பளத்தைக் கோலாலம்பூரில் இருந்த ஒரு நிதி அமைப்பு கொடுத்துவிடும். முதல் வருஷம் நன்றாக நடந்தால் இரண்டாவது வருஷமும் உண்டு. யார் யோசித்ததோ தெரியாது, நல்ல மனசுக்காரர்கள். புத்தகத்துக்குள் கிடந்த அறிவைக் கொண்டுவந்து எங்கள் சேற்றில் இறக்கிவிட்டார்கள். இன்றைக்கும் அந்த யோசனையை நான் மெச்சுகிறேன்.

காய்கறி ஏற்ற வந்த லோரிக்காரர்கள் மிஸ்ஸைப் பார்த்துக் கேலி பேசினார்கள்.

"தக்காளி நாத்துக்குத் தண்ணி ஊத்த யுனிவர்சிட்டில இருந்தா ஆள் வரணும்? எங்க வீட்டு மாடே ஊத்தும் லா."

"அனுப்பி வைங்கண்ணே" என்றார் மிஸ். "ஒரு வாரத்துல பழக்கிடறேன். உங்களப் பழக்கத்தான் நாளாகும்."

அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

மூன்று ரகத் தக்காளி, மூன்று பாத்தி. ஒவ்வொரு ரகத்திலும் மிச்ச நாற்றுகள் தட்டுகளில் ஓரமாக இருந்தன. விடிந்ததும் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. மிஸ் எட்டு மணிக்கு நோட்டுப் புத்தகத்தோடு வருவார்.

இரண்டாவது வாரம், நடுப் பாத்தியில் மூன்று நாற்றுகள் தலைதொங்கி நின்றன. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என் பாத்தியில்... அதுவும் படித்தவர் கண்ணில் படும்படி... என்ன செய்தேன் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். பிடுங்கினேன், பின்பக்கத்துப் பள்ளத்தில் வீசினேன், அதே உயரத்தில் எடுத்து நட்டேன். மண்ணைத் தட்டி, சுற்றிலும் இருந்த ஈரத்துக்கு ஏற்றமாதிரி தண்ணீர் தெளித்தேன். எந்தக் கங்காணியும் கண்டுபிடிக்க முடியாது. மிஸ்ஸும் கண்டுபிடிக்கவில்லை.

அப்படியே ஆறாவது வாரம் வரைக்கும். சில நாள் இரண்டு, சில நாள் ஏழெட்டு. எத்தனை என்று எண்ணவில்லை. எண்ண வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆறாவது வாரக் கடைசியில் மிஸ் பாத்தி ஓரத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார். முகம் வாடியிருந்தது.

"என்னக்கா இது, ஒண்ணுகூடச் சாக மாட்டேங்குது?"

"என் கை அப்படி மிஸ்" என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா?

அவர் சிரித்தார். பிறகு நிதானமாக விளக்கினார். லோரியில் வந்த மண்ணை அவரே மூன்று பாத்தியிலும் கலந்ததை நான் பார்த்திருந்தேன்; அது நோய் அடித்த தோட்டத்து மண் என்று அப்போதுதான் தெரிந்தது. எந்த ரகம் அதிகம் சாகிறது, எது தாங்கி நிற்கிறது என்று பார்க்கத்தான் அவ்வளவும்.

"உயிரோட இருக்கிறத எல்லாரும் பார்ப்பாங்கக்கா. எனக்குச் செத்ததுதான் வேணும். அதுதான் எனக்குப் பேசும்."

அவருக்குப் பேச வேண்டியதையெல்லாம் நான் பள்ளத்தில் வீசியிருந்தேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வருஷத்தில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. மறுபடி விதை போட்டு ஆரம்பித்திருக்கலாம். ஏன் சொல்லவில்லை? விரட்டிவிடுவார்கள் என்ற பயமா? இல்லை. பாலனும் விரட்டமாட்டான், மிஸ்ஸும் விரட்டமாட்டார். "ஐயோ அக்கா" என்று ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வையை என்னால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. இருபது வருஷம் எவர் வாயாலும் ஒரு குறை கேட்காதவள்... அந்தத் திமிர்.

மறுநாள் முதல் மாற்றி நடுவதை நிறுத்தினேன். நாற்றுகள் சாக ஆரம்பித்தன. மூன்று பாத்தியிலும், வரிசை இல்லாமல், தாறுமாறாக. நான் பிந்தி நட்டவையும் முன்பிருந்தவையும் கலந்து கிடந்தால் வேறெப்படிச் சாகும்?

மிஸ்ஸுக்கு முதலில் சந்தோஷம். செத்த செடியின் தண்டை நறுக்கிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வெட்டிய இடத்திலிருந்து பால் நூல்போல வெள்ளையாக ஒன்று இறங்கியது. "அதாங்கா நோய். கண்ணால பாத்துட்டீங்க" என்றார். அத்தனை வருஷம் செடியோடு இருந்தும் நான் பார்க்காததை ஒரு டம்ளரில் காட்டிவிட்டார். எப்பேர்ப்பட்ட பெண்!

பிறகு அவரை அந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது. ஆறு வாரம் தூங்கிய நோய் ஏன் திடீரென்று விழித்தது? அப்படி நடக்கவே கூடாதாம். மண்ணைச் சோதித்தார், தண்ணீரைச் சோதித்தார், கொட்டகைச் சூட்டை மணிக்கொருதரம் குறித்தார். காய்ச்சலோடும் வந்தார். ஒரு வேலையை மனுஷர் இப்படியும் செய்வார்களா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். இல்லாத ஒன்றைத் தேடுகிறார் என்று அந்த மலையில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்துகொண்டே அவருக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தேன்.

வருஷக் கடைசியில் நிதியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இரண்டாவது வருஷம் உண்டா இல்லையா என்பது அன்றைக்குத் தெரியும். அவர்கள் ஏறி வருமுன் பாலன் மிஸ்ஸிடம் கெஞ்சினான்.

"ஒரே ஒரு வரி மிஸ். முதல் ரகம் தாங்குதுன்னு எழுதிடுங்க. நமக்கு இன்னொரு வருஷம் கிடைச்சிடும் லா."

"தாங்குதான்னு எனக்குத் தெரியலையே பாலன். தெரியாதத எப்படி எழுதறது?"

"சரி மிஸ். உங்க இஷ்டம்" என்றான். அவனும் பெரிய மனுஷன்தான்.

வந்தவர்களில் ஒருவர் நம் தமிழ் ஆள், தலை நரைத்த பேராசிரியர். நோட்டுப் புத்தகத்தை வெகுநேரம் புரட்டினார். நான் தண்ணீர் வாளியோடு நான்கடி தள்ளி நின்றேன்.

"தேவகி, இந்த ஆறு வாரம் நம்புற மாதிரி இல்லையேம்மா. வேலையாளுங்க யாராவது செத்த செடிய எடுத்துட்டு வேற வச்சிருப்பாங்களா?"

மிஸ் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை...

"அஞ்சலக்காவா? கேக்காம ஒரு இலையத் தொடமாட்டாங்க சார். அவங்களச் சந்தேகப்பட்டா நான் என்னையே சந்தேகப்படணும்."

பேராசிரியர் என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார், மன்னிப்புக் கேட்கிறமாதிரி. நானும் தலையாட்டினேன். வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போனேன்.

இரண்டாவது வருஷம் கிடைக்கவில்லை. மிஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கும் பஸ்ஸில் ஏறினார். "நீங்க இல்லாட்டி நான் ஒண்ணுமே செஞ்சிருக்க மாட்டேன்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தக் கையைத்தான்.

பாலன் பூ நாற்றுக்கு மாறினான், பிழைத்துக்கொண்டான். மிஸ் பல்கலைக்கழகத்துக்கே திரும்பி, பிற்பாடு பாடம் நடத்தும் வேலைக்கு உயர்ந்தார்.

சில வருஷம் கழித்து அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. எனக்காகவே பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். 'அக்கா, அந்த முதல் ஆறு வாரம் இன்னும் என் மனதை விடவில்லை. யாரும் செடி மாற்றவில்லைதானே? நீங்கள் இல்லை என்று சொன்னால் அதோடு விட்டுவிடுகிறேன்.'

இதைவிட யார் கதவைத் திறந்து வைக்க முடியும்? அவர் எதிரில்கூட இல்லை. அந்தப் பார்வையையும் நான் பார்க்க வேண்டியதில்லை. ஒரு வாரம் அந்தத் தாளை வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு யார் உதவியும் இல்லாமல் நானே பதில் எழுதினேன். 'யாரும் மாற்றவில்லை மிஸ். பாத்தி நன்றாக இருந்தது.'

அதற்கும் பதில் வந்தது. மனசு லேசாகிவிட்டது என்று எழுதியிருந்தார். வருஷா வருஷம் தன் மாணவர்களைப் புதுக் கம்பெனிகளுக்கு அனுப்பிவைக்கிறாராம். அனுப்பும் முன் தன்னுடைய முதல் தவறைச் சொல்லித்தான் அனுப்புகிறாராம்: நான் நோய் மண்ணைச் சரியாகக் கலக்கவில்லை, என் அஜாக்கிரதையால் ஒரு வருஷம் வீணாயிற்று, நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள் என்று.

எத்தனை பிள்ளைகள் அதைக் கேட்டிருப்பார்கள்...

மண் சரியாகத்தான் கலந்திருந்தது. மூன்று நாள் மண்வெட்டியை ஒருவரிடமும் கொடுக்காமல், கையில் கொப்புளம் போட, அவரே கலந்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.