வாட விட வேண்டிய பாதி

ரேடியோன்னு கூப்பிட்டா எங்க தெருவுல ஒருத்தன்தான் திரும்புவான், என் தங்கச்சி புருஷன். பேர் வெச்சது நான்தான். மொத மொதல்ல எங்க வீட்டுக்கு வந்த அன்னிக்கு மிளகாச் செடிக்கு வர்ற நோயப் பத்தி பேச ஆரம்பிச்சான். டீ ஆறிப்போச்சு, எங்கப்பா தூங்கி எந்திரிச்சு மொகம் கழுவிட்டு வந்துட்டாரு, இவன் இன்னும் மொத நோயையே முடிக்கல.

போன வருஷம் என் தங்கச்சி ஆஸ்பத்திரில செத்துப்போனா. அன்னியோட ரேடியோவுல கரண்ட் போச்சு. பேரு மட்டும் நின்னுச்சு. எந்திரிப்பான், வயலுக்குப் போவான், வருவான், திம்பான். உப்பே இல்லாத சோறு வெச்சாலும் திம்பான், உப்ப அள்ளிக் கொட்டி வெச்சாலும் திம்பான். நான் வெச்சுப் பாத்திருக்கேன். அழுதாக்கூட பரவால்லன்னு தோணும். அதுவும் இல்ல.

எங்க பக்கம் கெணத்துல தண்ணி கீழ போயிக்கிட்டே இருந்துச்சு. வாளிய எறக்குனா, போய்ச் சேந்துச்சான்னு லெட்டர் போட்டுத்தான் கேக்கணும். அப்பதான் விவசாய யுனிவர்சிட்டில இருந்து ஒரு மேடம் வாரா வாரம் ஸ்கூட்டர்ல வர ஆரம்பிச்சாங்க. ஹெல்மெட்டக் கழட்டாமயே செடிக்குள்ள தலைய விட்டுப் பாப்பாங்க. அதனால ஹெல்மெட் மேடம்.

ரேடியோ வயலு ரோட்டோரம், போறவன் வர்றவன் எல்லாம் பாக்கலாம். அதனால அத சோதனைக்கு எடுத்துக்கிட்டாங்க.

"அண்ணே, மிளகால பாதிக்கு வைக்கோல மூடாக்கா, மண்ணுல ஈரம் காயாம, பரப்பி விடுங்க. மீதிப் பாதி சும்மா கெடக்கட்டும். ரெண்டுக்கும் வாரத்துக்கு ஒரே ஒரு தண்ணி. வைக்கோல் போட்டது நிக்கும், போடாதது வாடும்."

"வாடுறதுக்குன்னே ஒரு பாதியா மேடம்?"ன்னு நான் கேட்டேன். "எங்க வீட்டுலயும் ஒருத்தன் அப்படித்தான் கெடக்கான்."

"நீங்க சும்மா இருங்கண்ணே. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிஞ்சா, இந்தக் கெணத்தச் சுத்தி இருக்கற எல்லா வயலுக்கும் இந்த வருஷமே சொட்டுநீர்க் குழாய் தர்றதா எங்க ஆபீஸ்ல சொல்லிருக்காங்க. தெரியலன்னா குழாய் வேற ஊருக்குப் போயிடும். அதனால அந்தப் பாதிய யாரும் தொடக்கூடாது. பாத்துக்கிட்டு மட்டும் நில்லுங்க."

ரேடியோ தலையாட்டுனான். அவன் எதுக்கும் தலையாட்டுவான். வீட்ட இடிக்கட்டுமான்னு கேட்டாலும் ஆட்டுவான்.

எல்லாரும் வந்து பாக்கற நாள் வந்துச்சு. கூட்டம்னா கூட்டம், வரப்பு ஒடஞ்சுரும்போல. பாத்தா, வைக்கோல் போட்ட பாதி பச்சப்பசேல்னு நிக்குது. போடாத பாதி அதவிட ஒரு சுத்து கொழுத்துப்போயி நிக்குது.

பால்காரன் சும்மா இருப்பானா? "மேடம், அந்த வைக்கோல எம்மாட்டுக்காவது போட்டிருக்கலாம். அதுவாவது நன்றி சொல்லும்."

கூட்டம் சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன், பொய் சொல்லக்கூடாது. மேடம் மண்டி போட்டு மண்ணுக்குள்ள வெரல விட்டாங்க. மொகம் மாறிப்போச்சு.

"ஈரமா இருக்கே. யாரு தண்ணி விட்டது?"

"நான்தான்"னான் ரேடியோ. "சாயங்காலம் சாயங்காலம் வாளில தூக்கியாந்து ஊத்துனேன்."

"ஏண்ணே? அது வாடணும்னு சொன்னேனே?"

"சொன்னீங்க. பாத்துக்கிட்டு மட்டும் நில்லுன்னு. ஆஸ்பத்திரிலயும் அதத்தான் சொன்னாங்க. அங்க நின்னேன்."

அடுத்த பஸ் எப்பன்னு சொல்ற மாதிரி சொன்னான். பால்காரன் அவன் செருப்பையே பாத்துக்கிட்டு நின்னான்.

நான்தான் சொன்னேன், "மேடம், நாலு செடியப் புடுங்கி வெயில்ல போட்டு ஒரு போட்டோ எடுத்துருங்க. குழாய் வந்துரும்."

"பொய்க் குழாய் வேணாம்ணே. அடுத்த வாட்டி நான் நெசத்தச் சொன்னாலும் நீங்களே நம்ப மாட்டீங்க." தள்ளிப் போய் ஆபீசுக்குப் போன் பண்ணாங்க. திரும்பி வந்தப்போ மொகத்துலயே தெரிஞ்சுருச்சு. இந்த வருஷக் குழாய் வேற ஊருக்கு. யாரும் ரேடியோவத் திட்டல. திட்டிருந்தா நல்லாருந்திருக்கும், அவன் அதுக்கும் தலையாட்டிருப்பான்.

"திருப்பி நடலாம்"னாங்க மேடம். "அடுத்த வருஷத்துக்குக் கேட்டுப் பாக்கறேன். ஆனா இந்த வாட்டி வேற வயல்ல. மனசக் கல்லாக்கிக்கற ஆளு யாராவது வேணும்."

மொத்தக் கூட்டமும் என்னப் பாத்துச்சு. அவ்வளவு நல்ல பேரு எனக்கு.

இப்ப என் வயல்ல ஒரு பாதி வைக்கோலுக்கடியில ஜம்முனு நிக்குது. இன்னொரு பாதி வாடுது. உச்சி வெயில்ல எல எல்லாம் தொங்கிப்போகுது, காம்போட பிஞ்சு உதிருது. பக்கத்து வயலுக்கு வாய்க்கால்ல ஓடுற தண்ணி காதுல வேற விழுந்து தொலைக்குது. நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கறேன். ரேடியோவும் தெனம் வர்றான். வாடுற பாதிக்கு முதுகக் காட்டிக்கிட்டு வரப்புல உக்காந்துக்கறான்.

"மாப்ள, ஓரத்துச் செடி ரெண்டு போயிருச்சுடா"ன்னேன் நேத்து.

"ம்"னான்.

"ஊத்திரட்டுமாடா?"

திரும்பல. "நில்லுங்க மச்சான்"னான்.

நின்னேன்.