அப்ரெஹெத் அத்தையின் மாலை வகுப்பு

"உங்க வீட்டுக்கே வந்து கேட்டேனே, அப்ப ஏன் யாரும் ஒண்ணும் சொல்லல?"

நகராட்சி அதிகாரி ஹார்ட்லி அம்மா போனில் என்னிடம் கேட்டார்.

என் அத்தை அப்ரெஹெத் எரித்ரியாவிலிருந்து இந்த இங்கிலாந்து ஊருக்கு வந்து பல வருடம் ஆகிறது. விடியலிலிருந்து மதியம் வரை ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறார். மாலையில் நூலகத்தில் நடந்த இலவச ஆங்கில வகுப்புக்குப் போவார். "என் கர்ப்பப்பையைப் பத்தி டாக்டர்கிட்ட உன்னை வச்சுப் பேச வேண்டியிருக்கு. எனக்கும் வெக்கம், உனக்கும் வெக்கம்டா" என்பார். தன் வாயால் டாக்டரிடம் பேச வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

வகுப்பைக் காலைக்கு மாற்ற நகராட்சி யோசித்தது. கருத்துக் கேட்க ஹார்ட்லி அம்மா வந்தார். வகுப்புப் பெண்கள் அத்தை வீட்டில் கூடினார்கள். அத்தை காபிக்கொட்டை வறுத்தார். எங்கள் வழக்கத்தில் காபி மூன்று சுற்று. முதல் சுற்றில் நலம் விசாரிப்போம், இரண்டாவதில் ஊர்க்கதை. குறையைச் சொல்வது மூன்றாவதில்தான். அதற்கு முன்னால் சொன்னால், குடித்த காபிக்கு விருந்தாளியிடம் விலை கேட்டதுபோல் ஆகிவிடும்.

முதல் கோப்பையிலேயே ஹார்ட்லி அம்மா கேட்டார்: "வகுப்பெல்லாம் எப்படிப் போகுது?"

"நல்லா போகுது, கடவுள் புண்ணியம்" என்றார்கள் எல்லோரும். அப்படியே மொழிபெயர்த்தேன். அவர் எழுதிக்கொண்டு எழுந்தார்.

"என்னடா, எந்திரிச்சுட்டாங்க? இன்னும் ரெண்டாவதே கொதிக்கலையே" என்றார் அத்தை.

"புடிச்சுக் கட்டியா வைக்க முடியும்? விடுடி" என்றார் பக்கத்து வீட்டு ஹிதாத்.

ஹார்ட்லி அம்மாவை இருக்கச் சொன்னேன். அடுத்த கூட்டம் இருக்கிறதாம். காபியைப் புகழ்ந்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதமே வகுப்பு காலை பத்து மணிக்குப் போயிற்று. யாருக்கும் ஆட்சேபம் இல்லை என்று அறிக்கையில் இருந்தது. கோபத்தில் போன் செய்தேன். அப்போது வந்ததுதான் அந்தக் கேள்வி. நீங்கள் சீக்கிரம் எழுந்துவிட்டீர்கள் என்று வீட்டுக்கு வந்துபோனவரிடம் எப்படிச் சொல்வது? மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டேன்.

"அவங்களுக்கு எப்படித் தெரியும்" என்றார் அத்தை, தன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே. "இனிமே யாராவது வந்த உடனே நாமளே குறையைச் சொல்லிடணும். அசிங்கம்தான். என்ன பண்றது."

வேலை நேரத்தை மாற்றிக் கேட்டார். மேற்பார்வையாளர் முடியாது என்றார். போன வாரம் டாக்டர் அறையில் மறுபடி நான் நடுவில் உட்கார்ந்தேன். பேசும்போதெல்லாம் அத்தை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மக்களிடம் கருத்துக் கேட்கப் போகிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள்.