கிணற்றுக்குக் குளோரின் போட வந்தவர்

மலை மண் சரிந்து எங்கள் தோட்டத்து மேல் லய வீடுகள் புதைந்த பிறகு, கிணற்றுக்குக் குளோரின் போட சுகாதார அதிகாரி மாத்தையா ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள். மருந்து பட்டுப் பட்டு அவர் காற்சட்டை வெள்ளை வெள்ளையாக வெளுத்திருந்தது. பவுடரைக் கரைத்து ஊற்றி, கொஞ்ச நேரம் பொறுத்து, ஒரு டம்ளர் அள்ளி என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"என் தங்கச்சி இன்னும் அந்த மண்ணுக்குள்ளதான் கெடக்கா. அங்கேருந்து ஊறி வர்ற தண்ணிய குடிக்கச் சொல்றீங்களா மாத்தையா?"

"உங்க தங்கச்சி மக கீழ கான்ல ஓடுற அழுக்குத் தண்ணிய அள்ளிக் குடிக்கிறா அம்மே. வரும்போது பார்த்தேன். வயித்தால போனா அவளும் தங்க மாட்டா. நீங்க குடிச்சாத்தான் அவ குடிப்பா."

யாருக்கும் பணியாத நான் டம்ளரை வாங்கினேன். அவளைக் கூப்பிட்டு, அவள் பார்க்கவே குடித்தேன். மருந்து வாடை தொண்டையில் நின்றது. பிறகு அவளும் குடித்தாள்.

அன்றைக்கு அவரை நெஞ்சில் ஈரமில்லாத மனுஷன் என்றுதான் நினைத்தேன். பிறகும் பல நாள் வந்தார். மருந்து போட்டுவிட்டு அவரும் ஒரு டம்ளர் குடிப்பார். குடிக்கும்போது மட்டும் சரிந்த மலைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். அந்த மண்ணைப் பார்த்தபடி அவராலும் குடிக்க முடியவில்லை.