நாற்பத்தேழும் எழுபத்துநான்கும்

கருங்குழியிலிருந்து நாவலூருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். போக இரண்டரை மணி நேரம், திரும்ப மூன்று. ஓர் அலுவலகத்தின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதுதான் என் வேலை. வீடு வந்து சேரும்போது முகத்தில் சிரிப்பு மிச்சமிருக்காது. அரசுத் தேர்வில் தேறினால் மதுராந்தகத்திலேயே எழுத்தர் வேலை கிடைக்கலாம். அதற்காக மூன்று வருடம் படித்தேன். நான் எழுதிய மூன்றாவது தேர்வோடு என் வயது வரம்பு முடிந்தது.

உட்கார்ந்து படிக்க ஏது நேரம்? காலையில் நான் காய் நறுக்குவேன். என் கணவர் சமையலறை வாசலில் நின்று கணக்கை வாசிப்பார். லோடு வண்டி ஓட்டுகிறவர், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“ஓர் ஈரிலக்க எண்ணின் இலக்கங்களின் கூடுதல் பதினொன்று. இலக்கங்களை இடம் மாற்றினால் அந்த எண் இருபத்தேழு கூடுகிறது...”

இருபத்தேழை ஒன்பதால் வகுத்தால் மூன்று. கூட்டினால் பதினொன்று, கழித்தால் மூன்று என்றால் ஏழும் நாலும். மாற்றும்போது எண் கூடுவதால் சின்னது முன்னால்.

“நாப்பத்தேழு. அடுத்தது படிங்க.”

“இன்னும் ஒரு வரி கீதும்மா.”

“எல்லாத்துலயும் அதே வரிதான். அந்த எண்ணைக் காண்கன்னு இருக்கும். பஸ்ஸுக்கு நேரமாவுது.”

நாளடைவில் அவரும் கடைசி வரியை விட்டுவிடப் பழகிக்கொண்டார். மிச்சம் பிடித்த நேரத்தில் இன்னும் இரண்டு கணக்குப் போட்டோம். எனக்கு அதில் பெருமை வேறு.

மூன்றாவது தேர்வு செங்கல்பட்டில். முந்தின நாள் வேலைக்குப் போய் வந்த அலுப்பில் கண் எரிந்தது. அதே கணக்கைப் பார்த்ததும் தெரிந்த முகத்தைப் பார்த்தது போல இருந்தது. விடைகளில் நாற்பத்தேழு முதலிலேயே நின்றது. வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

ஒரே ஒரு கேள்வி வித்தியாசத்தில் எழுத்தர் வேலை போனது.

முடிவு வந்த ஞாயிற்றுக்கிழமை, நான் விடைகளைக் குறித்துக் கொண்டுவந்திருந்த வினாத்தாளை அவர் பீரோவிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து எழுத்துக்கூட்டினார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் நிறுத்தினார்.

“இதுல மாத்தின பிறகு வர்ற எண்ணைக் கேட்டுகீறான். எழுபத்துநாலு. நீ நாப்பத்தேழு போட்டுகீற.”

வாங்கிப் பார்த்தேன். எழுபத்துநான்கு அடுத்த வரியிலேயே இருந்தது.

“நான்தான் முழுசா படிச்சிருக்கணும்,” என்றார்.

நிறுத்தச் சொன்னது நான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அழக்கூடத் தெம்பில்லை. ஆனால் அந்தப் பழியை அவர் தலையில் விட்டுவிட்டது இன்னும் உறுத்துகிறது.

இப்போதும் அதே இரண்டு பஸ்தான். புத்தகங்களை எடைக்குப் போட்டாயிற்று. அவர் மட்டும் கையில் எது கிடைத்தாலும் கடைசிவரை வாசிக்கிறார். நேற்று காலை ஒரு கல்யாணப் பத்திரிகை. நான் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். அவர் அச்சகத்தின் பெயர்வரை எழுத்துக்கூட்டி முடித்தார். பஸ் போய்விடும் என்று தெரிந்தும் நின்று கேட்டேன்.