பல்லைப் பார்த்துப் படம் சொல்பவர்

"வாயை மூடாதீங்க சார். மூக்கால மூச்சு விடுங்க. படத்தோட பேரு 'ஈரச் சுவர்'."

பல்செட்டுக்காரர் பல் அச்சு எடுக்கும் இளஞ்சிவப்பு மாவு நிரப்பிய தட்டை என் மேல்வரிசையில் வைத்து அழுத்துகிறார். மற்றொரு கையால் மேசைமேல் இருக்கும் மணல் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறார். மாவு இறுக மூன்று நிமிடம் ஆகும். அதுவரை உட்கார்ந்திருப்பவர் ஆமாம் சொல்ல முடியாது, இல்லை சொல்ல முடியாது, எழுந்து ஓடவும் முடியாது. படம் பார்க்கச் சொல்லித் தொந்தரவு செய்பவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். கேட்பவன் வாயை அடைத்துவிட்டுச் சொல்லும் வசதி இவர் ஒருவருக்குத்தான்.

"ஹீரோ லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். நல்லவன்னும் சொல்ல முடியாது, கெட்டவன்னும் சொல்ல முடியாது. மொத அரை மணி நேரம் சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான். நீங்களும் பாக்கணும். அங்கதான் சார் விஷயமே இருக்கு."

என்னிடமிருந்து "ங்" என்று ஒரு சத்தம் வந்தது. அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

அறை பத்துக்குப் பத்து. மூன்று சுவரிலும் அலமாரி. அதில் பிளாஸ்டரில் வார்த்த தாடைகள் வரிசையாக இளித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய சீட்டு உண்டு. ஒரு பக்கம் ஆளின் பெயர், மறுபக்கம் அவருக்குச் சொன்ன படங்கள். எல்லாமே மனசுக்குள் புழு நெளியும் படங்கள். கதாநாயகன் குளித்துச் சவரம் செய்து வேலைக்குப் போனான் என்றால் அந்தப் படம் இவருக்கு ஆகாது. "நல்லவனப் பாத்து என்ன சார் பண்றது? அவன்தான் பக்கத்து வீட்டுலயே இருக்கானே!"

யாருக்கு எந்தப் படம் என்பதைப் பல்லை வைத்துத்தான் முடிவு செய்வார். கடைவாய்ப் பல் தேய்ந்திருந்தால், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மென்று விழுங்கியவர். அவருக்குப் பழிவாங்கும் படம். ஓரப்பல் உடைந்திருந்தால் குற்ற உணர்ச்சிப் படம். முன்பல் தேய்ந்திருந்தால் எரிமலை. எந்த நேரமும் வெடிப்பார். அப்படிப்பட்ட வாய் கிடைத்தால் பல்செட்டுக்காரருக்குத் தலைகால் புரியாது.

என் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தபோது மனிதர் முகம் சுருங்கிவிட்டது. "எழுதற ஆளுங்கறீங்க. ஒரு தேய்மானம்கூட இல்லையே சார்! சரி விடுங்க, லேசா ஆரம்பிப்போம். ஒரே ஒரு கொலை." முப்பது வருடமாக எழுதுகிறவன் நான். அவமானமாகத்தான் இருந்தது.

ஆனால் அவருடைய வாழ்க்கையில் மருந்துக்கும் இருட்டு கிடையாது. செருப்பை ஜோடி மாறாமல் சுவரோரம் விடுவார். பதினொரு மணிக்கு மனைவிக்குப் போன் போட்டு, இரண்டாவது காப்பி குடிக்கலாமா என்று கேட்பார். ஒருமுறை அந்த அம்மாள் சாப்பாட்டுப் பையோடு வந்தபோது என்னிடம் சொன்னார்: "கரப்பான் பூச்சி வந்தா கட்டில் மேல ஏறி நின்னுக்கிட்டு என்னக் கூப்பிடுவாரு. இவரு ஊருக்கெல்லாம் கொலப்படம் சொல்றாராம்!" பல்செட்டுக்காரர் அதைக் காதில் வாங்காமல் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

அவரிடம் ஒரே ஒரு சத்தியம் உண்டு. எந்தப் படத்துக்கும் முடிவைச் சொல்ல மாட்டார். "முடிவச் சொல்றவன் கொலைகாரனுக்கும் கீழ சார்."

இப்படிப் போய்க்கொண்டிருந்த மனிதருக்கு வினை, தபால் நிலையத்தில் பார்சல் பிரிவுக் குமாஸ்தா ரூபத்தில் வந்தது. யார் என்ன சொன்னாலும் "சரிங்க" என்பவர். ஆனால் முன்பல் இரண்டும் பாதிக்குமேல் தேய்ந்திருந்தன. "முப்பது வருஷத்துல இப்படி ஒரு கோபத்த நான் பாத்ததே இல்ல!" என்று பல்செட்டுக்காரர் எனக்கு அந்தத் தாடையை எடுத்துக் காட்டினார். பதினைந்து படங்கள் எழுதிக் கொடுத்தார். குமாஸ்தா பதினொன்றை முடித்துவிட்டார்.

நான் கடைசித் தடவை போயிருந்தபோது குமாஸ்தாவின் மனைவி மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"அண்ணே, நீங்க என்ன படம் சொன்னீங்களோ தெரியல. மனுஷன் கறுப்புச் சட்டையத் தவிர வேற போட மாட்டேங்கறாரு. குடை இருந்தும் மழையில நனைஞ்சுக்கிட்டு வர்றாரு. உப்புப் போதுமான்னு கேட்டா, பத்து நிமிஷம் ஜன்னலப் பாத்துட்டு, 'போதும்னா என்ன?'ங்கறாரு."

பல்செட்டுக்காரர் முகத்தில் கொஞ்சம் பெருமை தெரிந்தது. "உள்ள அடக்கி வச்சிருந்தது வெளிய வருதும்மா."

"என்ன வெளிய வருது? வேலைய விடறேன்னு லெட்டர் எழுதிப் பாக்கெட்டுல வச்சிருக்காரு. இங்க பல்லு வேலைய முடிச்சுட்டு நேரா மேலதிகாரி மூஞ்சியில வீசப் போறாராம். ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்கண்ணே!"

"அவ்வளவு கோபம் இருக்கும்மா அவருக்கு. முன்பல்லப் பாத்தாலே தெரியுதே."

"முன்பல்லா?" அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். "ஆபீஸ்ல கத்தரிக்கோல் காணாமப் போயி பதினாலு வருஷமாச்சு. வேற கேளுங்கன்னா கேக்க மாட்டாரு. பார்சல் சணலப் பல்லாலயே கடிச்சுக் கடிச்சுத் தேஞ்சது அது. வாயில விரல வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாத மனுஷன்ண்ணே அவரு!"

பல்செட்டுக்காரர் பேயறைந்தவர்போல் நின்றார். அலமாரியிலிருந்து அந்தத் தாடையை எடுத்து, விளக்கடியில் வைத்து, தேய்ந்த பல்லின் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். நடுவில் கயிறு போன தடம், பள்ளமாக, தெளிவாக இருந்தது. பாவம், எனக்கே அவரைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

வாசலில் கறுப்புச் சட்டை தெரிந்தது. மனைவியைப் பார்த்ததும் குமாஸ்தா ஒரு கணம் நின்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார். சட்டைப் பையிலிருந்து உறையின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. "பன்னெண்டாவது படம் இன்னிக்கு ராத்திரி," என்றார் தொலைவில் எதையோ பார்த்தபடி.

"ஆன்னு வாயத் திறங்க," என்றார் பல்செட்டுக்காரர். தட்டை அழுத்தினார். மணல் கடிகாரத்தைத் திருப்பினார்.

"பன்னெண்டாவது படத்தோட முடிவச் சொல்றேன். ஹீரோ அழுதுக்கிட்டே அதே வேலைக்குத் திரும்பப் போறான். அவங்க சேத்துக்கல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குமாஸ்தாவின் கண்கள் விரிந்தன.

"பதிமூணாவதுல ரயில்வே ஸ்டேஷன்ல தனியா உக்காந்திருப்பான். ரயிலு வராது. பதினாலு, பதினஞ்சு ரெண்டுலயும் செத்துப் போறான். மொத்தம் பதினஞ்சு படத்துலயும் பொண்டாட்டிக்கு ரெண்டு ரெண்டு சீன்தான் சார். மிச்ச நேரம் அந்தம்மா என்ன பண்ணுச்சு, புள்ளைங்களுக்கு யாரு சோறு போட்டான்னு ஒருத்தனும் எடுக்கல. நானும் யோசிக்கல. உங்களுக்குள்ள எரிமலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது சணல் கயிறு. நான்தான் தப்பாப் படிச்சுட்டேன். அந்தக் கவர இப்படிக் குடுங்க."

குமாஸ்தா வாய் நிறைய மாவோடு தலையை இடவலமாக ஆட்டினார். பையைக் கையால் மூடிக்கொண்டார். மனைவி சுவரோரமாக முந்தானையைப் பிசைந்துகொண்டு நின்றார். மணல் முழுவதும் கீழே இறங்கிவிட்டது. மாவு எப்போதோ இறுகியிருக்கும்.

பல்செட்டுக்காரர் தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. மற்றொரு கையை நீட்டி, மணல் கடிகாரத்தை மறுபடியும் திருப்பி வைத்தார்.